பெரம்பலூரில் கால்வாசிகூட இல்லை... ஆனாலும் தனி நாடு! மெட்ராஸ் கப்பல் போய்ச் சேர்ந்த செயின்ட் வின்சென்ட்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்கி, போனில் நாலு வீடியோ பார்ப்பதற்குள் அரியலூர் வந்துவிடும். முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் தூரம். மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு நாடு இருக்கிறது. அதன் பெரிய தீவு இந்த பஸ் பயணத்தின் அளவுகூட இல்லை. வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் நடுவே 29 கிலோமீட்டர், குறுக்கே 18 கிலோமீட்டர். அவ்வளவுதான் தீவு!

அதற்குள் ஒரு தலைநகரம், ஒரு நாடாளுமன்றம், ஒரு சர்வதேச விமான நிலையம், அவ்வப்போது உறுமும் ஓர் எரிமலை. நாட்டின் பெயர் செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடைன்ஸ். பெயர் எழுதவே இடம் போதாது என்று கிண்டல் செய்வார்கள்போல அத்தனை நீளம்.

சுற்றியிருக்கும் குட்டித் தீவுகளையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு 389 சதுர கிலோமீட்டர். பெரம்பலூர் மாவட்டம் 1,757 சதுர கிலோமீட்டர். அரியலூர் அதைவிடக் கொஞ்சம் பெரியது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் பெரம்பலூர்தான். அங்கேயே 5 லட்சத்து 65 ஆயிரம் பேர் இருந்தார்கள். செயின்ட் வின்சென்ட்டில் இருப்பது சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம் பேர்.

இவ்வளவு சின்ன நாட்டைப் பற்றி இந்த வாரம் எதற்கு? காரணம் இருக்கிறது. அந்த நாட்டில் ஜூன் 1-ம் தேதிக்குச் சட்டப்படியே ஒரு பெயர் உண்டு: 'இந்தியர் வருகை தினம்'. 1861-ல் அந்தத் தேதியில்தான் அங்கே முதல் இந்தியக் கப்பல் போய்ச் சேர்ந்தது. கிளம்பிய இடம் மெட்ராஸ்.

பதினைந்து தொகுதி, ஒரு தேசம்

முதலில் நாட்டை ஒரு சுற்று பார்த்துவிடலாம். தென் அமெரிக்காவுக்கு வடக்கே, கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் தீவுகள் இருக்கின்றன. அந்த வரிசையில் செயின்ட் லூசியாவுக்கும் கிரெனடாவுக்கும் நடுவில் இருப்பது இந்த நாடு. மொத்தம் 32 தீவுகளும் திட்டுகளும். சில தீவுகளில்தான் ஆள் நடமாட்டம். தலைநகரம் கிங்ஸ்டவுன்.

பிரிட்டிஷ்காரர்களிடமிருந்து 1979 அக்டோபர் 27-ல் விடுதலை. ஆனால் இன்றைக்கும் நாட்டின் தலைவர் இங்கிலாந்து அரசர்தான். 'அரசர் வேண்டாம், குடியரசாகலாம்' என்று 2009-ல் வாக்கெடுப்பு நடத்திப் பார்த்தார்கள். மக்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நாடாளுமன்றத்துக்கு 15 தொகுதிகள். ஒரு தொகுதியின் மொத்த ஓட்டு நம்மூர் பேரூராட்சித் தேர்தல் அளவுக்குத்தான் வரும். வேட்பாளருக்கு ஒவ்வொரு வீட்டிலும் யார் யாருக்கு என்ன கோபம் என்பது வரை தெரிந்திருக்கும்!

ஆனால் ஒரு விஷயத்தில் இவர்களை லேசாக எடைபோட முடியாது. ஐ.நா. பாதுகாப்புச் சபையில் 2020, 2021 இரண்டு ஆண்டுகளும் செயின்ட் வின்சென்ட் உறுப்பினர். அந்தச் சபைக்குத் தேர்வான நாடுகளிலேயே மிகச் சிறியது இதுதான். 2021-ல் இந்தியாவும் அதே மேசையில் உட்கார்ந்திருந்தது. 140 கோடி பேர் கொண்ட நாட்டுக்கும் ஒரு லட்சம் பேர் கொண்ட நாட்டுக்கும் அங்கே தலா ஒரு ஓட்டு.

சினிமா ரசிகர்களுக்கு இந்தத் தீவு முன்பே தெரியும், பெயர்தான் தெரிந்திருக்காது. 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' முதல் படத்தின் துறைமுகக் காட்சிகளுக்கு இங்குள்ள வல்லிலபூ விரிகுடாவில்தான் செட் போட்டார்கள். கிரிக்கெட் ரசிகர்களுக்கு அர்னோஸ் வேல் மைதானம். 2024 டி20 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்ததும், அடுத்து வங்கதேசத்தை வென்று அரையிறுதிக்குள் நுழைந்ததும் இங்கேதான்.

சர்க்கரைக்காகத் தேடிய கைகள்

இந்தத் தீவின் பழைய கதை ரத்தம் தோய்ந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இருந்த கரீப் பழங்குடிகளும், அடிமைக் கப்பல்களிலிருந்து தப்பி வந்த ஆப்பிரிக்கர்களும் கலந்து உருவான இனம் கரிஃபுனா. அவர்கள் பிரிட்டிஷ் படையைப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றார்கள். தலைவர் சட்டோயர் 1795 மார்ச் 14-ல் கொல்லப்பட்டார். அந்த நாள் இன்று அங்கே தேசிய வீரர்கள் தினம். தோற்றவர்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பலிசோ என்ற திட்டில் கொண்டுபோய் அடைத்தார்கள். பாதிப் பேர் நோயிலும் பசியிலும் அங்கேயே மடிந்தார்கள். மிஞ்சியவர்களை 1797-ல் ஹோண்டுராஸ் பக்கம் உள்ள ரோட்டான் தீவுக்கு நாடு கடத்தினார்கள்.

நிலம் காலியானது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. வேலைக்கு ஆப்பிரிக்க அடிமைகள். 1834-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது, 1838-ல் முழு விடுதலை வந்தது. சவுக்கடி வாங்கிய அதே தோட்டத்தில் சொற்பக் கூலிக்கு வேலை செய்ய விடுதலையானவர்கள் தயாராக இல்லை. யார்தான் தயாராக இருப்பார்கள்? முதலாளிகள் முதலில் போர்ச்சுகலின் மடீரா தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அதுவும் போதவில்லை. அடுத்து கண் திரும்பிய இடம் இந்தியா.

அப்போது ஏற்கெனவே பிரிட்டிஷ் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் இந்தியக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. 1838-ல் தொடங்கி 1917 வரை நடந்த இந்த ஆள் ஏற்றுமதியில் கயானாவுக்கு மட்டும் சுமார் 2 லட்சத்து 39 ஆயிரம் பேர், டிரினிடாடுக்கு சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர் போனார்கள். அந்தக் கணக்கோடு பார்த்தால் செயின்ட் வின்சென்ட் ஒரு ஓரம்தான். 1861 முதல் 1880 வரை எட்டுக் கப்பல்கள், சுமார் 2,500 பேர்.

'டிராவன்கூர்' கப்பல்

முதல் கப்பலின் பெயர் 'டிராவன்கூர்'. நம் திருவாங்கூர்தான். சுமார் 260 பேரோடு மெட்ராஸிலிருந்து கிளம்பி, மூன்று மாதக் கடல் பயணம் முடிந்து, 1861 ஜூன் 1-ல் கிங்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்து மெட்ராஸை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அப்போது அங்கே அலையைத் தடுக்கும் துறைமுகமே கட்டியிருக்கவில்லை. பெரிய கப்பல்கள் கடலுக்குள்ளேயே தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். கரையிலிருந்து மசூலா படகில் ஏறி, அலையில் விழுந்து எழுந்துதான் கப்பலைப் பிடிக்க வேண்டும். கடலையே பார்த்திராத உள்நாட்டு விவசாயக் கூலிக்கு அந்தப் படகுச் சவாரியே பாதி உயிரை எடுத்திருக்கும்.

மெட்ராஸ் டிப்போவுக்கு ஆள் பிடித்தது தஞ்சாவூர், தென்னாற்காடு, செங்கல்பட்டு, திருச்சிராப்பள்ளி போன்ற ஜில்லாக்களில். இன்றைய பெரம்பலூர், அரியலூர் இரண்டுமே அன்றைக்குத் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்தவைதான். பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது 1995-ல். அரியலூர் 2001-ல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. 1861-ல் இந்த ஊர்களுக்கு ரயில் கிடையாது. அரியலூர் வழியாகப் போகும் விழுப்புரம் - திருச்சி கார்டு லைன் வந்ததே 1920-களின் கடைசியில். இன்று ஐந்து மணி நேரத்தில் முடியும் சென்னைப் பயணம், அன்று மாட்டு வண்டியிலும் நடையிலும் பல நாள்.

மழை பொய்த்த வருடம், தலைக்கு மேல் கடன், ஊரில் வேலை இல்லை. அந்த நேரத்தில் ஆள்பிடிப்பவர் வருவார். சாப்பாடு உண்டு, சம்பளம் உண்டு, ஐந்து வருடம் வேலை, அதற்குப் பிறகு விதித்த காலம் முடிந்தால் திரும்பி வர இலவசக் கப்பல் என்பார். காகிதத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதுதான். அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைத்தவர்களில் பெரும்பாலானவர்களால் அதைப் படிக்க முடியாது என்பதுதான் பிரச்னை.

ஒரு சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 'கூலி'. நம்மூரில் அது செய்த வேலைக்குக் கிடைக்கும் காசு. அந்தக் கப்பல்களோடு கடல் தாண்டிய பிறகு அது ஒரு மனிதக் கூட்டத்தின் பெயராகிவிட்டது. இன்றைக்கும் கரீபியனில் ஒருவரைப் பார்த்து அப்படிக் கூப்பிட்டால் அது வசவு.

1882: தோட்டத்திலிருந்து கிளம்பிய நடை

செயின்ட் வின்சென்ட்டில் இந்தியர்களுக்கு இன்னொரு நாளும் உண்டு. அக்டோபர் 7, இந்திய பாரம்பரிய தினம். 'பாரம்பரியம்' என்றதும் புடவை, பொட்டு, நடனம் என்று நினைத்துவிடுவோம். அந்த நாளின் கதை வேறு.

1882-ம் ஆண்டு அக்டோபர் 7. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஆர்கைல் தோட்டத்து இந்தியத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தலைநகரை நோக்கி நடந்தார்கள். மேடும் பள்ளமுமான மலைப் பாதை. அவர்கள் பார்க்கப் போனது லெப்டினன்ட் கவர்னரை. சொல்லப்போனது ஒரே விஷயம்தான்: 'எங்களோடு போட்ட ஒப்பந்தப்படி எங்களை நடத்தவில்லை.'

அதன் கனம் இன்று புரிவது கஷ்டம். ஒப்பந்தக் கூலி முறை நடந்த காலனிகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே காலெடுத்து வைப்பதே குற்றம். வேலைக்கு வராவிட்டால் சம்பளம் பிடிப்பதோடு நிற்காது, நீதிமன்றம், அபராதம், சிறை வரை போகும். மொழி தெரியாத ஊர். சொந்த ஊருக்குத் திரும்ப நடுவில் இரண்டு சமுத்திரம். அப்படிப்பட்டவர்கள் கூட்டமாகக் கிளம்பிப்போய், 'நீங்கள் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்கிறோம்' என்று நின்றார்கள்.

ஜூன் 1, அக்டோபர் 7 இரண்டையும் 2007-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு அங்கீகரித்தது. அந்த நாட்டில் இந்திய வம்சாவளியினர் என்று பதிவானவர்கள் நூற்றுக்கு ஒருவர், கொஞ்சம் கூடக் குறைய. அவ்வளவு சின்னக் கூட்டத்தின் இரண்டு தேதிகளை ஒரு நாடு நினைவில் வைத்திருக்கிறது. ஆள் அனுப்பிய பக்கத்தில், மெட்ராஸிலோ திருச்சியிலோ, ஜூன் 1 சாதாரண நாளாகத்தான் போகிறது.

பேர் இருக்கிறது, பேச்சு இல்லை

ஒப்பந்தம் முடிந்தவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினார்கள். இன்னும் பலர் டிரினிடாட், கயானா என்று வேலை கிடைத்த இடத்துக்குப் போனார்கள். தங்கியவர்கள் கால்டர், ஏக்கர்ஸ், ஆர்கைல், ரிச்லேண்ட் பார்க், பார்க் ஹில், ரோஸ் பேங்க் போன்ற கிராமங்களில் வேரூன்றினார்கள்.

ஆனால் தமிழ் நிற்கவில்லை. பிந்தைய கப்பல்களில் கல்கத்தா வழியாக வட இந்தியர்களும் வந்தார்கள். ஆள் குறைவு, அதுவும் தோட்டத்துக்குத் தோட்டம் சிதறிக் கிடந்தார்கள். பள்ளிக்கூடம் தேவாலயத்தின் கையில் இருந்தது. பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவப் பெயர் வைத்தார்கள், மதமும் மாறியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் மொழி, சாமி இரண்டும் போய்விட்டன. இன்று அங்குள்ள இந்திய வம்சாவளியினர் பேசுவது தீவுக்கே உரிய ஆங்கிலம்.

பக்கத்துத் தீவுகளில் கதை வேறு மாதிரி. மார்டினிக், குவாதலூப் இரண்டும் பிரெஞ்சுக்காரர்களுடையவை. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ஆள் போனார்கள். 1853-ல் மார்டினிக்குக்கு முதல் கப்பல், 1854 டிசம்பரில் குவாதலூப்புக்கு. அங்கே தமிழர் எண்ணிக்கை அதிகம், அதனால் மாரியம்மன் தப்பித்துக்கொண்டாள். 'மாலியெமென்' என்ற பெயரில் இன்றும் கும்பிடுகிறார்கள். கிடா வெட்டும் உண்டு. மதுரை வீரனும் 'மல்தெவிலன்' என்று உருமாறி அங்கே நிற்கிறார். குவாதலூப்பில் பிறந்த ஆன்றி சிதம்பரம், அங்குள்ள இந்தியர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு ஏறக்குறைய இருபது ஆண்டு வழக்காடி 1923-ல் ஜெயித்தார். 'சிதம்பரம்' என்ற பெயர் அந்த ஊர் ஆவணங்களில் 'சிதாம்பரோம்' என்று இருக்கும். ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற ஊரின் பெயர், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பப் பெயராகக் கிடக்கிறது!

கயானா இன்னொரு உதாரணம். தென் அமெரிக்கக் கண்டத்தில் இருந்தாலும் கிரிக்கெட்டில் மேற்கிந்தியத் தீவுகளோடுதான் சேர்த்தி. 2013-ல் கொல்கத்தாவில் ரோஹித் சர்மா தன் முதல் டெஸ்ட்டிலேயே 177 ரன் அடித்தார், ஞாபகம் இருக்கிறதா? அவரை எல்பிடபிள்யூ ஆக்கிய கயானா சுழற்பந்து வீச்சாளரின் பெயர் வீரசாமி பெருமாள். டிவியில் 'பெர்மால்' என்று சொன்னதால் பலருக்கு அது நம் பெருமாள் என்று உறைக்கவே இல்லை. கயானாவில் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து.

வாழைக்கும் வெங்காயத்துக்கும் ஒரே தலையெழுத்து

பெரம்பலூர் என்றால் சின்ன வெங்காயம் என்பதுபோல செயின்ட் வின்சென்ட் என்றால் ஆரோரூட். குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் அதே ஆரோரூட் மாவுதான். ஒரு காலத்தில் உலகச் சந்தைக்கு வந்த ஆரோரூட்டில் பெரும்பங்கு இந்தக் குட்டித் தீவிலிருந்து போனது. வயிற்றுக்கு இதமான மாவாக இருந்தது, பின்னாளில் கார்பன் இல்லாமல் நகல் எடுக்கும் காகிதம் செய்யவும் பயன்பட்டது. மலைச்சரிவில் கையால் தோண்டி எடுக்க வேண்டிய கிழங்கு. ஆள் கிடைக்கவில்லை, மலிவான மாவுகள் வந்தன, தொழில் சுருங்கியது. அதைத் தூக்கி நிறுத்த இந்தியாவும் நிதி உதவி செய்திருக்கிறது.

அடுத்து வந்தது வாழை. பிரிட்டன் தன் பழைய காலனிகளின் வாழைப்பழத்துக்குச் சலுகையோடு சந்தையைத் திறந்து வைத்திருந்தது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருந்த குடும்பங்கள்கூட அதை நம்பி வீடு கட்டின, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. லத்தீன் அமெரிக்காவில் பெரும் தோட்டங்களை வைத்திருந்த கம்பெனிகளுக்கு ஆதரவாக அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. 1997-ல் தீர்ப்பு சலுகைக்கு எதிராக வந்தது. செயின்ட் வின்சென்ட்டின் சின்ன விவசாயிகள் ஒவ்வொருவராக வாழையை விட்டார்கள். வெங்காய விலை ஒரே வாரத்தில் சரிந்து, பட்டறையில் கிடந்து முளைவிடுவதைப் பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே விலையைக் கவிழ்த்தது மழை இல்லை, ஜெனிவாவில் எழுதிய ஒரு தீர்ப்பு.

சாப்பாட்டு விஷயத்தில் தேசிய உணவு, சுட்ட சீமைப்பலாவும் பொரித்த மீனும். ஈரப்பலா என்றும் சொல்வார்களே, அதே காய்தான். அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட பசிபிக் தீவுகளிலிருந்து அந்தச் செடிகளை 1793-ல் கப்பலில் கொண்டுவந்து இறக்கியவர் கேப்டன் பிளை. அதற்கு முந்தைய முயற்சியில்தான் மாலுமிகள் கலகம் செய்து அவரைப் 'பவுன்ட்டி' கப்பலிலிருந்து படகில் இறக்கிவிட்டார்கள். இந்தியர்கள் பங்குக்கு மிஞ்சியது ரொட்டியும் கறியும். கறிக் குழம்பை உள்ளே வைத்துச் சுருட்டிய ரொட்டி இன்று தீவில் எல்லோருடைய மதியச் சாப்பாடு. மொழி போய், சாமி போய், மசாலா மட்டும் நின்றிருக்கிறது. மார்டினிக், குவாதலூப்பில் அந்த மசாலாவுக்கே 'கொலொம்போ' என்று பெயர். குழம்பு என்ற சொல்லிலிருந்து வந்தது என்றும், கொழும்பு நகரத்திலிருந்து வந்தது என்றும் இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். வாசனை என்னவோ நம் குழம்புதான்!

மலை உறுமினால்...

தீவின் வடக்கே லா சூஃப்ரியேர் எரிமலை. உயரம் 1,234 மீட்டர். பச்சைமலையைவிட உயரம். தீவின் பல கடற்கரைகளில் மணல் கறுப்பாக இருக்கும். பெரம்பலூர் கரிசல் காட்டை அள்ளிக் கரையில் கொட்டியதுபோல. எல்லாம் இந்த எரிமலையின் வேலை. (பக்கத்து பார்படாஸ் தீவு அப்படி இல்லை, பவளப்பாறைச் சுண்ணாம்பால் ஆனது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்து, இன்று சிமென்ட் ஆலைகளுக்குக் கல் கொடுக்கும் அரியலூருக்கு அது தூரத்துச் சொந்தம்.)

1902 மே 7. எரிமலை வெடித்து சுமார் 1,600 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் வடக்கே வாழ்ந்த கரீப் பழங்குடிகள். மறுநாளே பக்கத்து மார்டினிக்கில் மோன் பெலே வெடித்து செயின்ட் பியர் நகரமே சாம்பலானது. அங்கே சுமார் 28 ஆயிரம் உயிர்கள். அந்தப் பெரிய செய்தியில் செயின்ட் வின்சென்ட்டின் சாவுகளை உலகம் கவனிக்கவே இல்லை.

ஆனால் தீவு கவனித்தது. 1979 ஏப்ரல் 13-ல் மறுபடி வெடித்தபோது சுமார் 20 ஆயிரம் பேரை வெளியேற்றினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆறே மாதத்தில் சுதந்திரமும் வாங்கினார்கள்.

2021-ல் நடந்தது இன்னும் சிக்கல். கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். 2020 டிசம்பர் கடைசியிலிருந்தே மலை உச்சியில் புதிய குழம்புப் பாறை வளர்ந்துகொண்டிருந்தது. டிரினிடாடில் உள்ள பல்கலைக்கழக நிலநடுக்க ஆய்வு மையத்தினர் வந்து மலையைக் கண்காணித்தார்கள். ஏப்ரல் 8 மாலை 'கிளம்புங்கள்' என்று உத்தரவு. 9-ம் தேதி காலை வெடித்தது. ஏறக்குறைய 20 ஆயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். வெடிப்பில் நேரடியாக ஒருவர்கூடச் சாகவில்லை. சாம்பல் 150 கிலோமீட்டருக்கு மேல் பறந்து பார்படாஸ் தெருக்களை மூடியது. தீவில் வீட்டுக்கூரைகள் சாம்பல் பாரத்தில் இறங்கின, குடிதண்ணீர் போனது, பயிர் போனது. ஐந்தில் ஒருவர் வீட்டை விட்டு ஓட வேண்டிய நாட்டில் உயிர்ச்சேதம் இல்லை என்பது சாதாரண விஷயமா?

மூச்சு விட்டு மூன்று வருடம்தான். 2024 ஜூலை 1-ல் 'பெரில்' புயல். தெற்கே உள்ள யூனியன் தீவில் பத்தில் ஒன்பது வீடுகள் சேதம். வடக்கே நெருப்பு, தெற்கே காற்று. நடுவில் 29 கிலோமீட்டர் தீவு.

இப்போதும் கிளம்புகிறார்கள்

இன்று இந்தியாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்குப் போவது பெரும்பாலும் மருத்துவ மாணவர்கள். செயின்ட் வின்சென்ட் உட்பட பல குட்டித் தீவுகளில் வெளிநாட்டு மாணவர்களை நம்பியே தனியார் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நீட் மதிப்பெண் போதாமல், இங்கே தனியார் கல்லூரிக் கட்டணமும் கட்ட முடியாமல் தவிக்கும் வீடுகளின் போனுக்கு அந்த விளம்பரங்கள் தேடி வரும். கடற்கரைப் படம், 'அமெரிக்கப் பாடத்திட்டம்' என்ற வார்த்தை, தவணை வசதி.

பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளை. படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்குமேல் 12 மாதம் அங்கேயே பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். முழுப் படிப்பும் ஒரே நாட்டில், ஆங்கில வழியில். படித்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்துகொள்ளும் தகுதியும் அந்தப் பட்டத்துக்கு இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஊர் திரும்பி வெள்ளைக் கோட்டு போட முடியாது. இரண்டு வருடம் தீவில், மீதி வேறு நாட்டில் என்று சொல்லும் திட்டங்கள் அடிபடுவது இங்கேதான். கல்லூரியின் பெயரைவிட ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தை முதலில் படிப்பது நல்லது.

வேலைக்குப் போகிறவர்கள் கதையும் உண்டு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று யாராவது ஒருவர் போகாத தெரு குறைவு. வளைகுடா போன்ற நாடுகளுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய், அதோடு ஜி.எஸ்.டி. அதற்கு ரசீதும் தர வேண்டும். இதைக் கண்காணிக்கும் மத்திய அரசு அதிகாரியின் பதவிப் பெயர் 'புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ்', குடிபெயர்வோர் பாதுகாவலர். சென்னையிலும் அலுவலகம் உண்டு. கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் போன காலத்தில், மெட்ராஸில் கூலிகளைச் சரிபார்த்து ஏற்றிவிட்ட அதிகாரிக்கும் அதே பெயர்தான்.

கால்டரில் ஒரு சாலை

2022 மே மாதம் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் செயின்ட் வின்சென்ட் போனார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் அந்த நாட்டில் கால் வைத்தது அதுவே முதல் முறை. நாடாளுமன்றத்தில் பேசினார். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் கால்டர் பகுதியின் சாலைக்கு 'இந்தியா டிரைவ்' என்று பெயர் சூட்டினார்கள்.

அவருக்கு முன்பு அங்கே போக நினைத்தவர்கள் பார்படாஸிலோ டிரினிடாடிலோ இறங்கி, சின்ன விமானம் மாறித்தான் தீவுக்குள் வர வேண்டியிருந்தது. பழைய விமான நிலையத்தின் ஓடுதளம் அவ்வளவு குட்டை. பெரிய விமானம் இறங்கும் புதிய நிலையத்தை, மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, பல வருடம் கட்டி 2017 பிப்ரவரி 14-ல் திறந்தார்கள். இன்று வெளிநாட்டு விமானங்கள் நேராக வந்து இறங்குகின்றன.

அது இருக்கும் இடத்தின் பெயர் ஆர்கைல். 1882-ல் இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தத்தைக் கேட்டு நடக்கத் தொடங்கிய அதே ஆர்கைல்.